யார் விட்ட மூச்சு

லாரி ஷெட்டில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர் யாருமில்லை. எல்லாருக்கும் அவர் ரயிலு. வயதில் சின்னவர்களுக்கு ரயிலண்ணன். வண்டிக்குள் படுத்தாலும் சரி, பெட்ரோல் பங்க் ஓரத்தில் துண்டை விரித்தாலும் சரி, தலை சாய்ந்த மறு நிமிஷம் அவர் தொண்டையில் ஒரு கூட்ஸ் வண்டி கிளம்பிவிடும். ஏற்றத்தில் திணறும், பாலத்தில் அதிரும், நடுவில் சட்டென்று நின்றுவிடும். அது நிற்கும்போதுதான் பக்கத்தில் படுத்திருப்பவனுக்கு விழிப்பு வரும். என்னடா சத்தத்தைக் காணோமே என்று அவன் தலையைத் தூக்கிப் பார்க்கிற நேரத்தில், பெரிய உறுமலோடு வண்டி மறுபடி நகரும். இதை வைத்து ஷெட்டில் ஓட்டாத கிண்டல் கிடையாது. அவரும் சேர்ந்துகொண்டுதான் சிரிப்பார்.

மெடிக்கலுக்குப் போன அன்றைக்கு மட்டும் யாரும் சிரிக்கவில்லை. கனரக வண்டி ஓட்டுகிறவர்கள் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை டாக்டரிடம் போய், கண், காது, ரத்தக் கொதிப்பு, சர்க்கரை எல்லாவற்றையும் காட்டித் தகுதிச் சான்றிதழ் வாங்கி வர வேண்டும். அது இல்லாதவனுக்கு ஷெட்டில் சாவி கிடையாது. போன தடவைக்கும் இந்தத் தடவைக்கும் நடுவில் சோதனையில் புதிதாக ஒன்று சேர்ந்திருந்தது. தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிற கோளாறு உண்டா என்று பார்க்கிறார்களாம். அது இருக்கிறவன் எவ்வளவு நேரம் படுத்து எழுந்தாலும் தூங்காதவன் கணக்குதான், பகலில் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே கண் சொருகிவிடும் என்று மேனேஜர் சொல்லியிருந்தார்.

டாக்டர் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த டிரைவர்கள் ஆளாளுக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"குறட்டை விடுவியான்னு கேப்பாங்க. எனக்குத் தெரியாது, நான்தான் தூங்கிடுவேனேன்னு சொல்லு."

"வீட்ல யாராச்சும் சொல்லியிருக்காங்களான்னு அடுத்த கேள்வி வரும். எங்க வீட்ல யாரும் என்கூடப் பேசுறதே இல்லைன்னு சொல்லிடு."

"கழுத்து தடிச்சிருந்தா சந்தேகமாம், டேப் வச்சு அளக்குறாங்கப்பா. வயித்தைன்னா எக்கிக்கலாம். கழுத்தை எங்க எக்குறது?"

ரயிலின் கழுத்து தலைக்கும் தோளுக்கும் நடுவே தனியாக இடம் கேட்காத கழுத்து. அவர் சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுப் பார்த்தார். அது எட்டவில்லை.

டாக்டர் ஒரு பெண். நாற்பது வயதிருக்கும். அளந்தார், வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்துப் பார்த்தார், ரத்தக் கொதிப்பை இரண்டு தடவை பார்த்தார்.

"குறட்டை?"

"அப்படியெல்லாம் இல்லீங்க. குழந்தை மாதிரி தூங்குவேன்."

அந்த நேரம் பார்த்து வெளியே எவனோ, "ரயிலண்ணே, உள்ளயா இருக்கீங்க? நான் கிளம்புறேன்!" என்று கத்தினான்.

"உங்களைத்தானா? ஏன் ரயிலுன்னு கூப்பிடுறாங்க?"

"நேரந்தவறாம போய்ச் சேருவேன். அதான்."

"ரயில் எப்ப நேரத்துக்குப் போச்சு?" என்று கேட்ட டாக்டர் முகத்தில் சிரிப்பில்லை. எழுந்து போய் அலமாரியிலிருந்து ஒரு சின்னப் பெட்டியை எடுத்து வந்தார். உள்ளே கைக்கடிகாரம் மாதிரி ஒரு கருவி. அதிலிருந்து ஒரு ஒயர் விரலில் மாட்டுகிற உறைக்குப் போனது, இன்னொன்று கழுத்துக்குக் கீழே ஒட்டுகிற ஒரு வில்லைக்கு. இதைக் கட்டிக்கொண்டு வீட்டில் ஒரு ராத்திரி தூங்கி எழுந்து, காலையில் திருப்பிக் கொடுக்க வேண்டும். என்ன வருகிறது என்று பார்த்துவிட்டுத்தான் சான்றிதழ். அதுவரை வண்டியைத் தொடக் கூடாது.

பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வெளியே வந்தார். ஓட்டுவதைத் தவிர அவருக்கு வேறு ஒன்றும் தெரியாது. பதினெட்டு வயதில் ஏறியவர், இறங்கினால் என்ன செய்வதென்று யோசித்துப் பார்த்ததே இல்லை. ஷெட் வாசலில் கேட்டைத் திறந்து மூடுகிற ஆள் ஒரு காலத்தில் அவரைவிடப் பெரிய வண்டி ஓட்டியவர். பார்வை மங்கியதும் ஸ்டூலில் உட்கார வைத்துவிட்டார்கள். வண்டி உள்ளே வரும்போதெல்லாம் அந்த மனுஷன் முகத்தைப் பார்க்காமல் கையை மட்டும் தூக்கிவிட்டுப் போவது ரயிலின் பழக்கம்.

வீட்டில் மனைவி முன்னறையில் தையல் மெஷினில் இருந்தாள். கடைகளுக்கும் லாட்ஜுகளுக்கும் திரைச்சீலை தைத்துக் கொடுக்கிறவள். அறை முழுக்க மலை மலையாகத் துணி. அவர் பெட்டியை அவள் முன்னால் வைத்தார், விஷயத்தைச் சொன்னார், கடைசியில் கேட்டே விட்டார்.

"எனக்குப் பதிலா நீ மாட்டிக்கிட்டுத் தூங்கிடேன்."

அவள் ஊசிக்குக் கீழே இருந்த துணியைப் பார்த்தபடியே இருந்தாள்.

"ஒரே ஒரு ராத்திரி. உனக்குத்தான் சத்தமே வராதே. அதுக்கு என்ன தெரியப்போகுது, ஆம்பளைக் கையா பொம்பளைக் கையான்னு."

"தப்பில்லையா?"

"எல்லாரும் பண்றதுதான். ஷெட்ல பாதிப் பேர் சம்சாரம்தான் டெஸ்ட்டுக்குத் தூங்குது."

அவள் பெட்டியைத் திறந்து ஒயரை எடுத்துப் பார்த்தாள். பிறகு, "சரி. ஆனா நான் இந்த ரூம்ல படுத்துக்குறேன். நீங்க பக்கத்துல படுத்தா உங்க சத்தமும் சேர்ந்து பதிவாகிடும்" என்றாள். எவ்வளவு விவரமாக யோசிக்கிறாள் என்று அவருக்குப் பெருமையாகக்கூட இருந்தது. பாரம் இறங்கிய நிம்மதியில் அன்றைக்கு அவர் சீக்கிரமே படுத்துவிட்டார்.

காலையில் அவள் பெட்டியை மூடி அவர் கையில் கொடுத்தாள். விரலைச் சொறிந்துகொண்டே, "ராத்திரி பூரா ஒரே அரிப்பு. இதை மாட்டிக்கிட்டு மனுஷன் எப்படித் தூங்குவான்!" என்று சலித்துக்கொண்டாள். அவர் சிரித்தார். குளிக்கும்போது அவருடைய கழுத்துக்குக் கீழேயும் ஒரு இடம் சிவந்து கிடந்தது. ஏதோ பூச்சி கடித்திருக்கிறது என்று சோப்பைப் போட்டுத் தேய்த்துவிட்டார். கருவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வரும் வழியில், அவள் ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருந்த மாதிரி செருப்பு ஒன்று வாங்கி வந்து கொடுத்தார். அவள் அதைப் போட்டுக்கூடப் பார்க்காமல் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். களைப்பு என்று நினைத்துக்கொண்டார்.

அந்த வார முடிவில் டாக்டர் கூப்பிட்டனுப்பினார். ரயிலு சவரம் செய்து, தேய்த்த சட்டை போட்டு, சான்றிதழ் வாங்கப் போகிற தோரணையில் போனார். டாக்டர் கம்ப்யூட்டர் திரையை அவர் பக்கம் திருப்பினார். மேலும் கீழுமாக ஒரு கோடு. நடுநடுவே கோடு செத்துப் படுத்திருந்தது.

"இந்த இடத்துல எல்லாம் மூச்சு நின்னிருக்கு. மணிக்கு நாற்பது தடவைக்கு மேல. சில தடவை முக்கால் நிமிஷம் வரைக்கும் மூச்சே இல்லை. ரத்தத்துல ஆக்சிஜன் எவ்வளவு இறங்குதுன்னு பாருங்க. இப்படியே விட்டா இதயம் தாங்காது. தூக்கத்திலேயே என்ன வேணா நடக்கலாம்."

தன் வேலை அவர் நினைவுக்கே வரவில்லை. வந்ததெல்லாம் அவள் முகம். ஒரு வருஷமாகக் காலையில் தலைவலி என்று நெற்றியைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்கிறாளே. மத்தியானத்தில் மெஷின்மேலேயே தலை சாய்த்துவிடுகிறாளே. வயசாகிறது, வேறென்ன என்று அதைத் தள்ளிவிட்டோமே. ஒரே வீட்டில் இருந்துகொண்டு, பக்கத்தில் படுத்துக்கொண்டு, அவள் மூச்சு நின்று நின்று வந்ததைத் தெரிந்துகொள்ளாத ஜென்மமாக இருந்துவிட்டோமே.

"இதுக்கு வைத்தியம் இருக்கா டாக்டர்?"

"இருக்கு. மாஸ்க் வச்ச ஒரு மெஷின், தூங்கும்போது மூச்சுக்குழல்ல காத்தைத் தள்ளிக்கிட்டே இருக்கும். உங்களுக்கு எழுதித் தர்றேன்."

எழுந்து வாசல்வரை போனவர் திரும்பி வந்தார். நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"டாக்டர், இதுல ஒரு தப்பு நடந்துபோச்சு."

"மெஷின் தப்பா காட்டாது."

"மெஷினைச் சொல்லல. அதைக் கட்டிக்கிட்ட ஆளைச் சொல்றேன். அன்னிக்கு அதைப் போட்டுக்கிட்டுத் தூங்குனது நான் இல்லீங்க. என் சம்சாரம்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "என்ன சொல்றீங்கன்னு தெரிஞ்சுதான் சொல்றீங்களா? இதை நான் மறைக்க முடியாது. உங்க கம்பெனிக்குத் தெரிவிச்சாகணும்."

"தெரிவிங்க. அது கிடக்கட்டும். அவளுக்கு என்ன பண்ணணும், அதைச் சொல்லுங்க. இன்னிக்கே கூட்டிட்டு வரவா? வண்டி பிடிச்சு ஒரு நொடியில வந்துடுறேன்."

டாக்டர் திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு, "பதறாதீங்க. சாயந்தரத்துக்குள்ள கூட்டிட்டு வாங்க, பார்க்கலாம்" என்றார். குரல் முன்னைவிடத் தணிந்திருந்தது.

பஸ்ஸில் உட்கார அவருக்கு மனம் வரவில்லை. இடம் இருந்தும் கம்பியைப் பிடித்துக்கொண்டே நின்றார். அவளிடம் எப்படி ஆரம்பிப்பது, பயப்படாதபடி எப்படிச் சொல்வது என்று மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தார். வேலை போனால் போகட்டும், கேட்டைத் திறந்து மூடினால்கூடப் போதும், இவள் இருந்தால் சரி என்று நினைத்தபோது கண்ணில் நீர் முட்டியது. பக்கத்திலிருந்த ஆள் பார்த்துவிட்டு, ஜன்னலோரம் உட்காரச் சொல்லி எழுந்து நின்றான்.

வீட்டில் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

"அதை நிறுத்து. இப்படி வந்து உட்காரு."

"என்னாச்சு? சர்ட்டிஃபிகேட் கிடைச்சுதா?"

"சர்ட்டிஃபிகேட்டைத் தூக்கிக் குப்பையில போடு. நீ பயப்படாதே. வைத்தியம் இருக்குன்னு சொல்லிட்டாங்க. உனக்குத் தூக்கத்துல மூச்சு நிக்குதாம். அதான் தலைவலி, அதான் அசதி எல்லாம். நான் டாக்டர்கிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன், என் பொண்டாட்டிதான் கட்டிக்கிட்டாள்னு. உன்னை உடனே கூட்டிட்டு வரச் சொல்லியிருக்காங்க. கிளம்பு."

அவள் மெஷின் சக்கரத்தில் கை வைத்தபடி அப்படியே இருந்தாள்.

"என்ன, கேக்குதா?"

"அது என் மூச்சு இல்லீங்க."

"பின்ன?"

"உங்களுதுதான். நீங்க தூங்கினதும் வந்து உங்க கையில கட்டினேன். நெஞ்சுல ஒட்டினேன். எழுந்திருக்கிறதுக்கு முன்னாடி கழட்டிட்டேன். இடி விழுந்தாலும் உங்களுக்குத் தெரியாதே."

அவருக்கு முதலில் புரியவில்லை. புரிந்தபோது, பஸ்ஸில் அவ்வளவு நேரம் நெஞ்சை அழுத்திய பயம் சட்டென்று விலகியது. இவளுக்கு ஒன்றுமில்லை. அந்த நிம்மதி ஒரு மூச்சு நேரம்தான் இருந்தது.

"காலையில விரலைச் சொறிஞ்சு காட்டினியே?"

"நீங்க நம்பணுமே."

"செருப்பு வாங்கிக் குடுத்தேனே. கூசாம வாங்கிக்கிட்ட."

"கூசித்தான் வாங்கினேன். போட்டுப் பார்த்தேனா?"

"வேணாம்னு முகத்துக்கு நேரே சொல்லியிருக்கலாமே. என்னால முடியாதுன்னு ஒரு வார்த்தை."

"சொன்னா என்ன பண்ணியிருப்பீங்க? ஷெட்ல வேற எவனையாவது தூங்க வச்சிருப்பீங்க. வேற எவனாவது நல்லா மூச்சு விட்டிருப்பான். நீங்க சர்ட்டிஃபிகேட்டோட வண்டி ஏறியிருப்பீங்க."

அது உண்மை என்பதாலேயே அவருக்குக் கோபம் தலைக்கேறியது. "உனக்கு என்னமோ ஆயிடும்னு நினைச்சு, என் பொழைப்பையே அங்க வச்சுட்டு வந்திருக்கேன். இனி அவங்க என்னை ஏமாத்துக்காரன்னு எழுதுவாங்க. வியாதிக்காரன்னு மட்டும் எழுதியிருந்தா வைத்தியம் பார்த்துட்டு வண்டி ஏறியிருப்பேன்."

அதுவரை நிமிர்ந்து பேசியவள் தலையைக் குனிந்துகொண்டாள். "நீங்க போய்ச் சொல்லிடுவீங்கன்னு நான் நினைக்கவே இல்லையே. சத்தம் போட்டுட்டு, மாத்திரையோ மெஷினோ வாங்கிட்டு வந்துடுவீங்கன்னுதான் நினைச்சேன்."

"நினைக்கலையா?"

செருப்பு, விரல் எல்லாவற்றையும்விட இதுதான் ஆழமாக இறங்கியது. இத்தனை வருஷம் குடித்தனம் நடத்திவிட்டு, தனக்காக இந்த மனுஷன் தன்னையே காட்டிக்கொடுத்துக்கொள்வான் என்று இவளுக்கு ஒரு நிமிஷம்கூடத் தோன்றவில்லை. அவர் சட்டையின் மேல் இரண்டு பொத்தானைப் பிரித்துப் பார்த்தார். பூச்சிக்கடி என்று தேய்த்த இடத்தில் வில்லை அளவுக்கு வட்டமாக ஒரு தடம் இன்னும் லேசாக இருந்தது.

"எத்தனை நாளா இந்தப் புத்தி? யார் சொல்லிக் குடுத்தது?"

"யாரும் சொல்லிக் குடுக்கல. நீங்க மூச்சை விட்டதும் அடுத்த மூச்சு வருதா வருதான்னு பார்த்துக்கிட்டுக் கிடக்குறவ நான். என் தலைவலி அதுலதான் வந்தது. வீட்லதான் இப்படின்னு இருந்தேன். அப்புறம்தான் குருவி எல்லாத்தையும் சொன்னான்."

"குருவியா?"

குருவி அவருடைய ஜோடி டிரைவர். தூரத்து லோடுக்கு ஒரு வண்டியில் இரண்டு பேர். ஒருவர் ஓட்டும்போது மற்றவர் பின்னால் இருக்கிற படுக்கையில் தூங்குவார். ஆள் ஒல்லி, கீச்சுக்குரல், அதனால் குருவி. ஒன்பது வருஷமாக இருவரும் ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள். அவன் கல்யாணத்துக்குப் பெண் பார்க்கப் போனபோது அண்ணன் ஸ்தானத்தில் போய் உட்கார்ந்தவர் ரயிலுதான்.

அவர் நேராக ஷெட்டுக்குப் போனார். குருவி வண்டிக்குப் பக்கத்தில் குழாயைப் பிடித்துக்கொண்டு டயர் கழுவிக்கொண்டிருந்தான். அவர் நடந்து வந்த வேகத்தைப் பார்த்ததும் தண்ணீரை நிறுத்தினான்.

"என் வீட்ல என்னடா சொன்ன?"

"அண்ணே, உள்ள போய்ப் பேசலாம்."

"இங்கயே சொல்லு. எல்லாரும் கேக்கட்டும்."

அவன் குரலைத் தாழ்த்தித்தான் சொன்னான். "அந்த மலை இறக்கத்துல, வண்டி ரோட்டை விட்டு ஓரத்துல இறங்கிச்சே, அதைச் சொன்னேன்."

"நாய் குறுக்க வந்துச்சுடா! நாயைக் காப்பாத்தத்தானே ஒடிச்சேன். நீயும் பக்கத்துலதானே இருந்த?"

"நாயே இல்லண்ணே."

"செவலை நாய். காது ஒண்ணு மடங்கி இருந்துச்சு."

"நாய் இல்லண்ணே. சத்தியமா இல்ல. ஓரத்துல ஒரு காரை நிறுத்தி டயர் மாத்திக்கிட்டு இருந்தாங்க. ஒரு பொம்பளை குழந்தையை இடுப்புல வச்சுக்கிட்டு நின்னுச்சு. நீங்க கண்ணை மூடியிருந்தீங்க. நான் அண்ணேன்னு கத்தி ஸ்டியரிங்கைத் தள்ளினேன். அதுக்கப்புறம்தான் நீங்க நாய்னு சொன்னீங்க."

அந்த நாயை அவர் எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறார். வால் சுருண்டிருந்தது, பயந்து பின்னால் பார்த்துக்கொண்டே ஓடியது என்று கைவிரலால் காட்டியிருக்கிறார். இப்போதும் கண்ணை மூடினால் அது தெரிகிறது. காரும் பெண்ணும் குழந்தையும் எங்கே என்று தேடிப் பார்த்தார். அந்த இடத்தில் ஒன்றுமே இல்லை.

"என்கிட்ட சொல்லியிருக்கலாமேடா."

"மூணு தடவை சொன்னேன். ரயிலு தூங்கினா தண்டவாளத்துலயே போய்ச் சேரும்னு சொல்லிச் சிரிச்சீங்க. அதுக்கப்புறம் நீங்க ஓட்டும்போது நான் பின்னால தூங்குனதே இல்லண்ணே. திரையைக் கொஞ்சம் ஒதுக்கி வச்சுக்கிட்டு, கண்ணாடியில உங்க கண்ணைப் பார்த்துக்கிட்டே கிடப்பேன்."

"எத்தனை நாளா?"

"ஒரு வருஷமா."

ஒரு வருஷமாக. நன்றாகத் தூங்குடா, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு அவர் பாட்டை மெல்லப் போட்டுக்கொண்டு ஓட்டியிருக்கிறார். அவன் தூக்கம் கெடக் கூடாது என்று குழியில் பார்த்து இறக்கியிருக்கிறார். முதுகுக்குப் பின்னால் இவன் கண்ணைத் திறந்துகொண்டு கிடந்திருக்கிறான். ராத்திரி வீட்டில் அவள் முழித்துக் கிடந்திருக்கிறாள். தான் ஒருவன்தான் தூங்கியிருக்கிறோம். மற்ற எல்லாரும் தன்னைச் சுற்றி உட்கார்ந்து காவல் காத்துக்கொண்டு, விடிந்ததும் ஒன்றும் தெரியாத முகத்தோடு பேசிச் சிரித்திருக்கிறார்கள்.

"இன்னொண்ணும் நானே சொல்லிடுறேன்" என்றான் குருவி. அவன் கண் குழாயின் மேல் இருந்தது. "ஜோடி மாத்தித் தரச் சொல்லி மேனேஜரைக் கேட்டுட்டேன். போன வாரமே. நாளைக்கு மீசைக்காரர் என்கூட வர்றார்."

"இந்த வண்டியிலயா?"

"இந்த வண்டியிலதான்."

ரயிலு வண்டியைப் பார்த்தார். டிரைவர் சீட்டில் அவர் உடம்புக்கென்று தைத்துப் போட்ட மெத்தை கழற்றப்பட்டு, படிக்கட்டுப் பக்கம் தரையில் சுவரோடு சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. மனைவி திரைச்சீலைத் துணியில் தைத்துக் கொடுத்தது அது. அவர் அதை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, குருவியை ஒரு வார்த்தை திட்டாமல் நடந்தார். திட்டினால் அழுதுவிடுவோம் என்று பயம். "அண்ணே, அண்ணே" என்று அவன் கேட் வரைக்கும் வந்தான். கேட்காரர் முதல் தடவையாக எழுந்து நின்று கேட்டை முழுசாகத் திறந்துவிட்டார்.

கம்பெனி அவரை ஒரேயடியாக வெளியே தள்ளவில்லை. சோதனையில் ஏமாற்றப் பார்த்ததற்காகச் சில மாதம் சஸ்பென்ஷன். அதற்குள் ஆஸ்பத்திரியில் ஆள் பார்த்திருக்கத் தூங்கி மறுபடி சோதனை செய்து, வைத்தியமும் எடுத்துக்கொண்டு, சரியாகிவிட்டது என்று டாக்டர் சொன்னால் எடுத்துக்கொள்வார்கள். ஆனால் தூரத்து லோடு இனி கிடையாது. ஜோடியும் கிடையாது. "உங்ககூட ஏற யாரும் தயாரா இல்லை. நான் என்ன பண்றது?" என்றார் மேனேஜர். அதைச் சொல்லும்போது அவர் ஏதோ தேடுகிற மாதிரி மேஜை டிராயரைத் திறந்து மூடினார்.

ஆஸ்பத்திரிச் சோதனையில் எல்லாம் முன்னே வந்தபடியே வந்தது. மெஷினும் மாஸ்க்கும் வீட்டுக்கு வந்தன. முதல் நாள் அதை மாட்டிக்கொண்டு கண்ணாடியில் பார்த்தபோது மூக்கிலிருந்து குழாய் தும்பிக்கையாகத் தொங்கியது. வேறு சமயமாக இருந்தால் அதை வைத்து இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்திருப்பார்கள். அவள் சிரிப்பை அடக்கப் போய் இருமினாள். அவர் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அந்த மாதங்களில் அவர் அவளோடு பேசாமல் இருக்கவில்லை. பேச வேண்டியதை மட்டும் பேசினார். சாப்பாடு ஆச்சா, கரண்ட் போச்சா, துணிக் கட்டு வந்திருக்கு. அவள் தைக்கிற இடத்துக்கு அவர் போக மாட்டார். அவர் இருக்கிற இடத்துக்கு அவள் ஏதாவது சாக்கில் வருவாள், நிற்பாள், போவாள். எதையாவது அவள் கையில் கொடுத்தால், வாங்குகிற முகத்தை அவர் உற்றுப் பார்த்தார். உண்மையான முகமா, அந்தக் காலை நேரத்து முகமா என்று அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. முன்பு இந்தச் சந்தேகமே வந்ததில்லை.

எரிச்சல் என்னவென்றால் உடம்பு தேறிக்கொண்டு வந்தது. காலையில் தலை லேசாக இருந்தது. மத்தியானத்தில் நாற்காலியில் சாயத் தோன்றவில்லை. கண்ணுக்கு முன்னாலிருந்த ஏதோ ஒரு புகை விலகிய மாதிரி, தெருமுனைக் கடையின் பலகையை வாசலில் இருந்தே படிக்க முடிந்தது. இத்தனை வருஷம் இதுதான் விழிப்பு என்று எதை நினைத்துக்கொண்டிருந்தோம் என்று அவருக்குத் திகைப்பாக இருந்தது. அதை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அவர்கள் செய்தது சரி என்று ஆகிவிடும். சரிதான் என்று அவருக்கே தெரியும். தெரிந்தும் ஆறவில்லை.

குருவி ஒரு நாள் பழங்களோடு வீட்டுக்கு வந்தான். மனைவி உள்ளே வந்து சொன்னாள். "தூங்குறேன்னு சொல்லு" என்றார். பட்டப்பகலில் அவர் சட்டை போட்டு உட்கார்ந்திருப்பது வாசலிலிருந்து தெரிந்தது. குருவி பழத்தைப் படியில் வைத்துவிட்டுப் போய்விட்டான். பழம் நன்றாகத்தான் இருந்தது. அவர் தொடவில்லை.

கடைசியில் டாக்டர் சான்றிதழில் கையெழுத்துப் போட்டார். அடுத்த வருஷமே திரும்ப வர வேண்டும், மெஷினைத் தினமும் போட்டிருக்கிறாரா என்று அதிலேயே தெரியும் என்றார். "இந்தத் தடவை யாருக்காவது மாட்டிவிட நினைக்காதீங்க." தாளை நீட்டிக்கொண்டே சொன்னார். "அன்னிக்கு நீங்க திரும்பி வந்து சொன்னதையும் நான் உங்க கம்பெனிக்கு எழுதியிருந்தேன். ஏன் சொன்னீங்கன்னும் எழுதினேன். அதனாலதான் வேலையை விட்டு அனுப்பாம நிறுத்தி மட்டும் வச்சாங்க." ரயிலு கும்பிட்டுவிட்டு வெளியே வந்தார்.

ஷெட்டில் அவருக்குப் பழைய சின்ன லாரி ஒன்று கொடுத்தார்கள். காலையில் கிளம்பிச் சாயந்தரம் திரும்புகிற லோடு. முதல் நாள் விடிந்ததும் அவர் மெத்தையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். வாசலில் மனைவி செருப்பு மாட்டி, கைப்பையோடு நின்றுகொண்டிருந்தாள்.

"எங்க?"

"உங்ககூடத்தான். மேனேஜர்கிட்ட கேட்டுட்டேன். ஒரு நாள்தானே, கண்டுக்க மாட்டேன்னுட்டார்."

"அவர்கிட்டயும் எனக்குத் தெரியாமப் பேசிட்டியா?"

அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். "ஆமா."

"காவலுக்கு வர்றியா?"

"ஆமா" என்றாள் மறுபடியும். "பொய் சொல்லலை, பாருங்க. காவலுக்குத்தான் வர்றேன்."

அவர் மெத்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். அவளும் பின்னாலேயே வந்து ஏறிக்கொண்டாள். இத்தனை வருஷத்தில் அவர் ஓட்டுகிற லாரியில் அவள் ஏறியது இதுதான் முதல் தடவை. ஏறியதும் எல்லாவற்றையும் கேட்டாள். இது எதற்கு, அந்த முள் ஏன் ஆடுகிறது, இவ்வளவு உயரத்தில் உட்கார்ந்தால் தலை சுற்றாதா. அவர் ஒற்றை வார்த்தையில் பதில் சொன்னார். நகரம் முடிந்து சாலை நீளமாக விரிந்தபோது அவள் அவர் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்து, வெளிப்படையாகவே அவர் கண்ணைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

"உன்கிட்ட ஒண்ணு கேக்கணும்" என்றார், ரோட்டைப் பார்த்தபடி. "மறுபடி இப்படி ஒண்ணு வந்தா, அப்பவும் இப்படித்தான் பண்ணுவியா?"

அவள் யோசித்தாள். "முதல்ல சொல்லிப் பார்ப்பேன். நீங்க கேக்கலைன்னா, இப்படித்தான் பண்ணுவேன்."

"எனக்கு இன்னும் கோபம் போகல."

"தெரியும்."

"எப்பப் போகும்னும் தெரியல."

"சரி. இருக்கட்டும்."

இரண்டு பக்கமும் வெயில் ஏறியது. கொஞ்ச நேரம் கழித்து அவர் பக்கத்தில் பார்த்தபோது காவல்காரி தூங்கிப்போயிருந்தாள். வாய் லேசாகத் திறந்திருந்தது, தலை ஜன்னல் கண்ணாடியில் இடித்து இடித்து ஆடியது. ஒரு வருஷத்துக்கும் மேலான தூக்கம் மொத்தமாக வந்து அவளை அமுக்கியிருந்தது. எழுப்பி, "இதுதான் நீ காவல் காக்குற லட்சணமா?" என்று கேட்கலாமா என்று தோன்றியது. கேட்கவில்லை.

கோபம் இருந்த இடத்திலேயேதான் இருந்தது. அவர் வேகத்தைக் குறைத்து, ஒரு கையால் முதுகுக்குப் பின்னாலிருந்த மெத்தையை உருவி, அவள் தலைக்கும் கண்ணாடிக்கும் நடுவே செருகினார். பிறகு ரோட்டைப் பார்த்து ஓட்டினார்.